மால்டாவில் ஓய்வில் வாழும் மிஷனரி நண்பர்களைக் காணச் செல்வோர்க்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிசிலிக்குத் தெற்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் மத்தியதரைக் கடலின் நடுவே இருக்கும் மால்டாவைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறுவயதிலேயே வேறொரு பெயரால் அறிந்திருப்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகளின் 28ஆம் அதிகாரத்தில் பவுலும் அவரோடு கப்பலில் வந்த 275 பேரும் உயிர்தப்பிக் கரையேறுகிற மெலித்தா தீவு அதுவே. 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நாடாகையாலும், ஆங்கிலம் இன்றும் ஆட்சிமொழிகளில் ஒன்றாகையாலும், ஊழியத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர் சிலர் தங்கள் கடைசி வீட்டை அங்கே அமைத்துக்கொள்கிறார்கள். தென் தமிழ்நாட்டு மிஷன் மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் மருத்துவராக இருந்த ஒரு பெரியவரும், அதே மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியை நடத்திய அவருடைய மனைவியும் அப்படிக் குடியேறியவர்கள். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையினர் அவர்களை டாக்டர் ஐயா என்றும் சிஸ்டர் அம்மா என்றும் அழைத்து வந்திருக்கிறோம். அவர்களைப் பார்த்துவர நான் மேற்கொண்ட பயணத்தில் கற்றவற்றை, இத்தகைய நண்பர்களைத் தேடிச் செல்ல நினைப்போருக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

கடிதம் எழுதும்போது

விமானச்சீட்டு எடுப்பதற்கு நான்கைந்து மாதங்கள் முன்பே, எந்த வாரம் அவர்களுக்கு வசதிப்படும் என்று எழுதிக் கேட்க வேண்டும். எண்பது வயதை நெருங்குகிறவர்களுக்கு மருத்துவமனை நாட்கள், பிள்ளைகள் வந்துபோகும் நாட்கள், சபையில் ஏற்றுக்கொண்ட சிறு பொறுப்புகள் என்று ஓர் ஒழுங்கு இருக்கும். நாம் தேதியை முடிவு செய்துவிட்டு அறிவித்தால், அவர்கள் தங்கள் ஒழுங்கைக் கலைத்து நமக்கு இடம் கொடுப்பார்களே தவிர, வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வாழ்நாள் முழுவதும் வருவோரை ஏற்றுப் பழகியவர்களுக்கு மறுத்துப் பேச வராது.

"உங்கள் வீட்டில் தங்கலாமா?" என்று கேட்காமலிருப்பதும் இதே காரணத்தால்தான். வீட்டுக்கு அருகில் நல்ல விடுதி எது என்று கேளுங்கள். தங்க வைக்கும் நிலையில் இருந்தால் அவர்களே அழைப்பார்கள். அழைத்தாலும் மூன்று இரவுகளுக்கு மேல் அவர்கள் வீட்டில் தங்கவேண்டாம் என்பது என் துணிபு. கரையேறிய பவுலையும் கூட்டத்தாரையும் தீவின் தலைவனாகிய புபிலியு மூன்று நாள் உபசரித்தான் என்றே வேதத்தில் இருக்கிறது. பவுல் அத்தீவில் மூன்று மாதம் இருந்தபோதும் புபிலியுவின் வீட்டு உபசாரத்துக்குச் சொல்லப்படும் கணக்கு மூன்று நாள்தான். அந்த அளவு இன்றைக்கும் பொருந்துகிறது. நான்காம் நாள் முதல் நடந்துபோகும் தூரத்தில் உள்ள விடுதிக்கு மாறி, காலையில் பத்து மணிக்குமேல் அவர்கள் வீட்டுக்குச் செல்வது இரு தரப்பினருக்கும் நல்லது.

எந்த மாதம் என்று அவர்கள் உங்களிடமே விட்டுவிட்டால் ஏப்ரல், மே அல்லது அக்டோபரைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயில் கடுமை. சுற்றுலாக் கூட்டமும் அப்போதுதான். சனவரி, பிப்ரவரியில் குளிர் ஐரோப்பிய அளவுக்குப் பெரிதல்ல என்றாலும், சுண்ணாம்புக்கல்லால் கட்டிய மால்டா வீடுகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், வெளியே இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் குளிரும். பிப்ரவரி 10ஆம் நாள் பவுலின் கப்பற்சேதத் திருநாளைக் காணவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் மட்டும் கம்பளிச் சட்டையோடு அந்த மாதத்தில் செல்லலாம்.

விசாவும் தாள்களும்

மால்டா 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2007 டிசம்பர் முதல், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியிலும் இருப்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்; 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். என் அனுபவத்தில் இரண்டு மாத இடைவெளி இருந்தால்தான் மனம் நிம்மதியாக இருக்கும். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்கவேண்டும்.

அவர்கள் வீட்டில் தங்குவதாக இருந்தால் அழைப்புக் கடிதமும், அவர்களுடைய குடியிருப்பு அட்டையின் நகலும், விண்ணப்பத்தோடு கேட்கப்படும் படிவங்களும் அவர்களிடமிருந்து வரவேண்டும். இது ஒரு முதியவரிடம் நாம் ஒப்படைக்கும் வேலை என்பதை மறந்துவிடக் கூடாது. கடிதத்தை நாமே எழுதி, நம் பெயர், கடவுச்சீட்டு எண், தேதிகள் எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் அவர்கள் போடும்படி அனுப்பினால் அவர்களுக்குப் பெரும் சிரமம் குறையும். கடிதத்தில் நம்மை யார் என்று குறிப்பிடுவது என்ற தயக்கம் வரும். "குடும்ப நண்பர்" என்பதே உண்மை, அதுவே போதும்.

பெயர்களைச் சேகரிப்பது

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரமிருக்கிறது என்பவர்கள் இதைப் படியுங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, அவர்கள் ஊழியம் செய்த ஊருக்கு ஒரு நாளாவது போய்வர வேண்டும். மருத்துவமனையானால் பழைய வார்டு, கிணறு, அவர்கள் குடியிருந்த பங்களா, வாசலில் நிற்கும் வேப்பமரம். பள்ளியானால் மணி, மைதானம், விடுதிச் சமையற்கட்டு என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய கட்டடங்களின் திறப்புவிழாப் படங்களில் அவர்களுக்கு அவ்வளவு நாட்டம் இருக்காது. அவர்கள் கால் பட்ட இடம் இன்று எப்படி இருக்கிறது என்பதே அவர்கள் பார்க்க விரும்புவது.

அதைவிட முக்கியம் மனிதர்கள். அவர்களோடு வேலை செய்த கம்பவுண்டர், ஆயா, ஓட்டுநர், சமையற்காரர், அவர்கள் கையால் பிரசவமான பிள்ளைகள் ஆகியோரில் இருப்பவர்களைக் கண்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசச்சொல்லிப் பதிவுசெய்து கொண்டுபோங்கள். இறந்தவர்கள் யார், எந்த ஆண்டில், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் இதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் போனேன். இரண்டாம் நாள் இரவு உணவுக்குப் பின் சிஸ்டர் அம்மா ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழுப்புத் தாளில் அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டைப் போலவே இருந்தது. உள்ளே அவர் நாள்தோறும் ஜெபிக்கும் பெயர்கள், பக்கத்துக்கு இருபதாக, தமிழ் எழுத்தில் இருந்தன. சுழியெல்லாம் பெரிது பெரிதாகப் போட்ட, மொழியை வளர்ந்தபின் கற்றுக்கொண்டவரின் எழுத்து. விரலை ஒவ்வொரு பெயரின் கீழும் வைத்து, "இவள் சுகமா இருக்காளா?" என்று அவர் கேட்கக் கேட்க, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஒரு பெயரிடத்தில் வந்ததும், யோசிக்காமல், "அவங்க போய் ஆறு வருஷம் ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் விரலை எடுக்கவில்லை. அந்த ஆறு வருடமும் இறந்துபோன ஒருத்தியின் முழங்கால் வலிக்காக அவர் தினமும் ஜெபித்திருக்கிறார். அன்றிரவு அதற்குமேல் நோட்டில் பெயர் எதையும் நாங்கள் பார்க்கவில்லை.

மரணச் செய்திகளைச் சொல்லத்தான் வேண்டும். மறைப்பது அவர்களை அவமதிப்பதாகும். ஆனால் பகல் வேளையில், இருவரும் அருகில் இருக்கும்போது, ஒருவரைப் பற்றி முழுவதுமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டபின் அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி நாட்கள் எப்படி இருந்தன, யார் பார்த்துக்கொண்டார்கள், எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்துகொண்டு போவது நம் கடமை.

பெட்டியில் வைப்பவை

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருள்களும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பால்கோவா, நெய், கருவாட்டு ஆசையில் சேர்ந்துகொள்ளும் உப்புக்கண்டம் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவர நோய்க் கட்டுப்பாட்டில் அடங்கும், அவற்றையும் வைக்கவேண்டாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டி, சுக்கு, பருப்புப்பொடி, அரைத்த காப்பித்தூள், சாம்பார்ப்பொடி போன்றவற்றைக் கடையில் வாங்கிய முத்திரை பிரிக்காத பொட்டலமாகக் கொண்டுபோகலாம். உப்பு, சர்க்கரைக் கட்டுப்பாட்டில் இருக்கிறார்களா என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வது நன்று. பட்டுப்புடவையும் பொன்னாடையும் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டி நிறைய இருக்கும். மெல்லிய பருத்தித் துண்டு இரண்டு கொண்டுபோங்கள். அவை தினமும் பயன்படும். நான் கொண்டுபோனவற்றில் டாக்டர் ஐயா உடனே பிரித்தது பெரிய எழுத்துத் தமிழ் நாட்காட்டியைத்தான்.

மால்டாவில் மின்செருகு பிரிட்டிஷ் முறைப்படி மூன்று தட்டைக் கால் உடையது. நம் ஊர் உருண்டைக் கால் செருகு அதில் நுழையாது என்பதால் மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயணமும் வந்திறங்குவதும்

சென்னையிலிருந்து துபாய் வழியாகவோ, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற ஐரோப்பிய நகரம் வழியாகவோ செல்லலாம். ஐரோப்பிய நகரம் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை அங்கேயே முடிந்துவிடும் என்பதால், அழைப்புக் கடிதமும் காப்பீடும் திரும்பும் சீட்டும் கைப்பையில் இருக்கவேண்டும். விமான நிலையத்துக்கு வந்து நிற்கவேண்டாம் என்று அவர்களிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள். தீவே 27 கி.மீ. நீளம்தான், லுக்காவில் உள்ள விமான நிலையத்திலிருந்து எந்த ஊருக்கும் வாடகைக் காரில் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம்.

மால்டா வீடுகளுக்கு எண்ணோடு பெயரும் உண்டு. கதவருகே பதித்த பீங்கான் ஓட்டில் ஒரு புனிதரின் பெயரோ, வீட்டுக்காரர் வாழ்ந்த ஓர் ஊரின் பெயரோ இருக்கும். தெருப்பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அலைய நேரும். வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நண்பர்களின் வாசலில் நீல எழுத்தில், அவர்கள் முப்பது ஆண்டு வாழ்ந்த தமிழ்நாட்டுக் கிராமத்தின் பெயர் இருந்தது. அந்தத் தெருவில் உள்ள மால்டாக்காரர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி உச்சரிக்கிறார்கள்.

வீட்டில் இருக்கும்போது

முதல் நாள் எங்கும் போகவேண்டாம். தமிழில் பேசுங்கள். அவர்களுடைய தமிழ், அவர்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஆண்டில் நின்றுபோன தமிழ். வார்த்தைக்குத் தடுமாறுவார்கள், ஒரு வாக்கியத்தைத் தொடங்கிப் பாதியில் ஆங்கிலத்துக்குப் போவார்கள். அப்போது நாமும் ஆங்கிலத்துக்கு மாறிவிடக் கூடாது. தமிழிலேயே மெல்லப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டாம் நாள் மாலைக்குள் பழைய பேச்சு திரும்பிவிடுகிறது. மூன்றாம் நாள் காலையில் சிஸ்டர் அம்மா என்னைப் பார்த்து, "ஏ பிள்ள, ராத்திரி நல்லா உறங்கினியா?" என்று கேட்டபோது அது மருத்துவமனை வராந்தாவில் கேட்ட அதே குரலாக இருந்தது.

மதியம் ஒரு மணி முதல் நான்கு மணி வரை தீவே கதவைச் சாத்திக்கொள்கிறது. சிறு கடைகளும் கோயில்களும் அடைத்துவிடும். அது முதியவர்களின் ஓய்வு நேரம். அந்த வேளையில் நாம் வெளியே நடந்துவிட்டு வரலாம். சமையலில் ஒரு நாள் முழுப்பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்டுக்குப் பின் ஆண்டு இறுதிவரை கிடைக்கும் லாம்புகி மீன் நம் புளிக்குழம்புக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. காரத்தை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரிலிருந்து எடுக்கப்படுவது. பலரும் குடிக்கப் புட்டித் தண்ணீரே வாங்குகிறார்கள். அந்தப் புட்டிகளைப் படியேற்றி வைத்துக் கொடுப்பது அவர்களுக்கு உண்மையான உதவி.

சேர்ந்து போகும் இடங்கள்

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். 2022 அக்டோபர் முதல் தங்கள் பெயரில் பேருந்து அட்டை வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு அரசுப் பேருந்து இலவசம் என்பதால், அவர்கள் பேருந்திலேயே போகலாம் என்பார்கள். போகும்போது பேருந்து, களைத்துத் திரும்பும்போது வாடகைக் கார், அதற்குப் பணம் நம்முடையது என்று முன்பே பேசிவைத்துக்கொண்டால் மனத்தாங்கல் வராது.

தலைநகர் வாலெட்டாவில் உள்ள பவுலின் கப்பற்சேதக் கோயிலும் ரபாத் நகரில் பவுல் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும் யாரும் காட்டும் இடங்கள். ரபாத்தின் நிலத்தடிக் கல்லறைகளுக்குள் செங்குத்தான படிகள் உண்டு. நண்பர்களைச் சதுக்கத்தில் காப்பிக் கடையில் உட்காரவைத்துவிட்டு நாம் மட்டும் இறங்கிப் பார்த்து வரலாம். உள்ளே பாறையைக் குடைந்து செய்த வட்ட மேசைகள் இருக்கின்றன. பழங்காலத்தில் இறந்தவர்களை நினைத்து உறவினர் கூடி உண்ட இடங்கள் அவை. மொஸ்தா நகரின் குவிமாடக் கோயிலுக்குள் நடப்பது எளிது. 1942 ஏப்ரல் 9 அன்று வழிபாட்டுக்கு மக்கள் கூடியிருந்தபோது கூரையைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்காமல் போன வரலாற்றை அங்கே கேட்கலாம். வாலெட்டாவின் புனித யோவான் இணைப்பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜோ 1608இல் தீட்டிய யோவான்ஸ்நானனின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. அவர் தம் பெயரை எழுதிய ஒரே ஓவியம் அது. தோளும் முழங்காலும் மூடிய உடை அங்கே அவசியம். ஹைப்போஜியம் என்னும் நிலத்தடிப் புதைகோயிலுக்கு ஒரு நாளில் மிகச் சிலரையே அனுமதிப்பதால், பல வாரங்களுக்கு முன்பே சீட்டு எடுக்கவேண்டும்.

மிஷனரிகளோடு போகிறவர்கள் தவறவிடக்கூடாத இடம் ஒன்று சுற்றுலாக் கையேடுகளில் கடைசியாகத்தான் வரும். ஃபுளோரியானாவின் மதில்மேல் அமைந்த பழைய புரொட்டஸ்டன்ட் கல்லறைத் தோட்டம் அது. மிசிடா கொத்தளத் தோட்டம் என்று கேட்டால் வழி சொல்வார்கள். மால்டிய மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்து, 1825இல் பல்கலைக்கழகத்தில் அம்மொழிக்கு முதல் பேராசிரியரான மிக்கியேல் அந்தோன் வஸ்ஸல்லி 1829இல் இறந்து இங்கே அடங்கியிருக்கிறார். சுவிசேஷங்களை மால்டிய மொழியில் பெயர்த்தவர் அவர். கத்தோலிக்கக் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டதால், ஆங்கிலேயர் நடுவே அடக்கம்பண்ணினார்கள். அரபுக்கு உறவான அந்த மொழியில் கடவுளுக்குப் பெயர் அல்லா. கத்தோலிக்கக் கோயிலில் அப்பெயரால் ஜெபிப்பதை நேரில் கேட்டால்தான் வஸ்ஸல்லி பட்ட பாடு புரியும். கால்டுவெல்லையும் ஜி.யு. போப்பையும் அறிந்த தமிழர்களுக்கு, மொழிக்கும் மிஷனுக்கும் உள்ள இந்த உறவை விளக்கவேண்டியதில்லை. இன்னொரு தொடர்பும் உண்டு: 1822இல் மால்டாவில் அச்சகம் நிறுவிக் கிரேக்கத்திலும் இத்தாலியத்திலும் நூல்கள் அச்சிட்ட அமெரிக்கன் போர்டு என்னும் அமெரிக்க மிஷனரி சங்கம்தான் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் ஊழியம் தொடங்கியது. தோட்டம் குறிப்பிட்ட வேளைகளில் மட்டுமே திறந்திருக்கும், விசாரித்துக்கொண்டு செல்லுங்கள். டாக்டர் ஐயா அங்கே ஒரு மணி நேரம் கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டே நடந்தார். நாங்கள் அவருக்குப் பின்னால் நடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் போகும் ஆராதனைக்கே போகவேண்டும். அரசி அடிலெய்டின் உதவியால் எழுந்து 1844இல் முடிந்த புனித பவுல் ஆங்கிலிக்கன் ஆலயமும், ஸ்காட்லாந்து சபையும் மெதடிஸ்டுகளும் சேர்ந்து நடத்தும் புனித அந்திரேயா ஆலயமும் வாலெட்டாவில் இருக்கின்றன. ஆராதனைக்குப் பின் தேநீர் வேளையில் சபையார் உங்களிடம் பேச வருவார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் நடுவே அமைதியாக உட்காரும் அந்த முதியவர் எத்தனை ஆயிரம் பேருக்கு அறுவை செய்தவர் என்பது தெரியாது. நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றிரண்டை எளிமையாகச் சொல்லுங்கள். அவர் முன்னிலையில் நீட்டவேண்டாம்.

படமும் பணமும்

படத்தை இணையத்தில் போடுவதற்குமுன் கேட்டாக வேண்டும். அவர்களோடு உழைத்தவர்களில் சிலர் இன்னும் பெயர் வெளியே வரக்கூடாத நாடுகளில் இருக்கலாம். பின்னணியில் தெரியும் ஒரு புகைப்படமே அவர்களுக்கு இடையூறாகலாம். பணத்தைப் பொறுத்தவரை, காணிக்கையாகக் கவரில் வைத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், அல்லது வாங்கி அப்படியே ஊர் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். அரிசி, எண்ணெய், சமையல் எரிவாயு உருளை, மாத்திரைக் கடை என்று வீட்டுக்கு வேண்டியதை வாங்கிவைத்துவிட்டு வருவதே வழி.

புறப்படும் நாளும் அதற்குப் பின்னும்

கடைசி மாலை அவர்களோடு வீட்டிலேயே இருங்கள். அதிகாலை விமானமென்றால் முந்தின இரவே விடைபெற்றுக்கொண்டு, அவர்களை எழுப்பாமல் போய்விட வேண்டும் என்று நினைப்போம். எவ்வளவு சொன்னாலும் அவர்கள் எழுந்து வாசல் விளக்கைப் போடுவார்கள். ஆகவே ஐந்து நிமிடம் முன்னதாகவே வாடகைக் காரை வரச்சொல்லுங்கள். வாசலில் நின்று ஜெபிப்பார்கள், அதற்கு நேரம் வேண்டும்.

ஊர் திரும்பியதும் ஒரு வாரத்துக்குள் பேசுங்கள். குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம், கோடையில் மூன்றரை. அவர்கள் மதிய ஓய்வு முடிந்து எழும் நான்கு மணி நமக்கு இரவு எட்டரை அல்லது ஏழரை. எடுத்த படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரெழுதி அஞ்சலில் அனுப்புங்கள். நான் பேசியபோது சிஸ்டர் அம்மா முதலில் கேட்டது, அன்றிரவு நோட்டில் வந்த அந்தப் பெண்ணின் மகள் எங்கே இருக்கிறாள் என்பதைத்தான். திருப்பூரில் என்றேன். பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி கேட்டார், சொன்னேன். மறுமுனையில் எழுதுகோல் தாளில் உராயும் ஓசை கேட்டது.